ரியாக்டில் கிளாஸிலிருந்து ஹூக்குக்கு மாற்றியதும் கவுன்ட்டவுன் 59-இல் நிற்கிறது. மீதித் திரைகளையும் மாற்றலாமா?

தரமணி_டெவ்:
வணக்கம். தாம்பரம் – கடற்கரை தடத்தில் அடுத்த மின்சார ரயில் எத்தனை விநாடியில் என்று காட்டும் சின்ன ஆப், ரியாக்ட் நேட்டிவில் (ஜாவாஸ்கிரிப்டில் போன் ஆப் எழுதும் கருவி). எல்லாம் பழைய கிளாஸ் காம்போனென்ட் (திரையின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு கிளாஸாக எழுதுவது). ஹூக்ஸுக்கு (கிளாஸ் இல்லாமல் சாதாரண ஃபங்ஷனிலேயே அதே வேலையைச் செய்யும் முறை) போயே ஆகவேண்டும் என்று டீமில் ஒரே பேச்சு. சோதனைக்கு ஒரு திரையை மாற்றினேன். யூஸ்எஃபெக்டுக்குள் (திரை வரைந்த பின் ஓடும் ஹூக்) செட்இன்டர்வெல் (விநாடிக்கொரு முறை ஓடும் டைமர்), அதற்குள் செட்மீதி(மீதி - 1), டிபென்டன்சி வரிசை (எவை மாறினால் எஃபெக்ட் மறுபடி ஓட வேண்டும் என்ற பட்டியல்) காலி. 60, 59, அதோடு சரி. எர்ரரும் இல்லை. கிளாஸில் இதே லாஜிக் நன்றாக ஓடியது. பிறகு எதற்கு மாற வேண்டும்?

பல்லாவரம்காரன்:
டைமர் நிற்கவில்லை, ஒவ்வொரு விநாடியும் 60 - 1 என்றே போட்டுக்கொண்டிருக்கிறது. கிளாஸில் திஸ்.ஸ்டேட் (காம்போனென்ட் நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) கேட்கும் நேரத்து மதிப்பைத் தரும். இங்கே ஒவ்வொரு ரெண்டருக்கும் (திரையை வரைய ஃபங்ஷன் ஓடும் ஒவ்வொரு முறைக்கும்) ஒரு தனி 'மீதி'. வரிசை காலி என்பதால் முதல் ரெண்டரின் 60-ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறது. செட்மீதி(ம => ம - 1) என்று எழுதுங்கள்.

அப்புறம், எஃபெக்டின் ரிட்டர்னில் டைமரை நிறுத்தும் கிளியர்இன்டர்வெல் இருக்கிறதா? இல்லையென்றால், ஸ்ட்ரிக்ட் மோடில் (தப்பைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை முறை) இரண்டிரண்டாகக் குறையும். ரியாக்ட் 18 முதல் டெவலப்மென்டில் எஃபெக்டை ஒருமுறை ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கிறது.

யுஐ_அக்கா:
'மீதி'யை வரிசையில் போடு என்று லின்ட் (கோடைப் படித்துத் தப்பு சொல்லும் கருவி) சொல்லும். போட்டாலும் ஓடும், ஆனால் விநாடிக்கொரு முறை டைமரை அழித்து மறுபடி வைக்கும். என்னைக் கேட்டால் ஒன்று ஒன்றாகக் கழிப்பதே வேண்டாம். போன் திரை அணைந்தால் டைமர் தூங்கிவிடும், ரயில் தூங்காது. புறப்படும் நேரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் டேட்.நவ்-வோடு (இப்போதைய நேரம்) கழித்துக் காட்டுங்கள். கிளாஸ், ஹூக் இரண்டுக்கும் இது பொருந்தும்.

மாறலாமா என்றால்: பயணி மாம்பலத்தை மாற்றிக் கிண்டியைத் தேர்ந்தெடுத்தால் கிளாஸில் டிட்மவுன்ட், டிட்அப்டேட், வில்அன்மவுன்ட் (காம்போனென்ட் வந்ததும், மாறியதும், போகும் முன்னும் ஓடுபவை) என்று மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். ஹூக்கில் ஒரே எஃபெக்ட், வரிசையில் 'நிலையம்'. அதை யூஸ்அடுத்தரயில் என்று தனி ஹூக்காக எடுத்து வேறு திரையிலும் போடலாம். எனக்கு இது ஒன்றே போதும்.

பல்லாவரம்காரன்:
அக்கா, ரிவ்யூ செய்பவன் பாட்டையும் பாருங்கள்! கிளாஸில் தப்பு இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். இங்கே டிபென்டன்சி வரிசையில் ஒரு பெயர் விட்டுப்போனால் சத்தமே வராது. லின்டில் அப்படி விட்டுப்போன பெயரைக் காட்டும் எக்ஸாஸ்டிவ்-டெப்ஸ் விதியைப் போடாமல் ஹூக்ஸைத் தொடவே கூடாது. இஃப்புக்குள் ஹூக்கை அழைக்கவும் கூடாது. அழைக்கும் வரிசையை வைத்துத்தான் எது யாருடைய ஸ்டேட் என்று ரியாக்ட் கண்டுபிடிக்கிறது.

தரமணி_டெவ்:
டேட்.நவ் முறையில் சரியாக ஓடுகிறது, நன்றி. அப்போ மற்ற திரைகள்?

யுஐ_அக்கா:
ஓடுகிறதைத் தொடாதீர்கள். 2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8-இல் ஹூக்ஸ் வந்தபோதே, பழையதை எல்லாம் திருப்பி எழுத வேண்டாம் என்றுதான் ரியாக்ட் டீமே சொன்னது. புதுத் திரைக்கு ஹூக்ஸ், பழையதில் பெரிய வேலை வரும்போது மாற்றம். எர்ரர் பவுண்டரியை (உள்ளே ஏதாவது உடைந்தால் பிடித்து மாற்றுத் திரை காட்டும் காம்போனென்ட்) மட்டும் கிளாஸாகவே விடுங்கள், அதற்கு இன்னும் ஹூக் கிடையாது.