புதுப்பிப்பு: அத்தைக்கு வீடு கிடைத்துவிட்டது

மனச்சிதைவு நோய் கட்டுக்குள் வந்த பிறகும், போக இடமில்லாமல் அத்தை பல வருடமாக மனநலக் காப்பகத்திலேயே இருக்கிறார் என்று போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு வாடகை வீட்டில், இன்னும் மூன்று பெண்களோடு குடியேறிவிட்டார். துணைக்கு ஓர் உதவியாளர் உண்டு. மாத்திரை தொடர்கிறது.

குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் காப்பகத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு. அதைச் சொல்லித்தான் கேட்டோம். வீடு பிடிப்பதுதான் பெரும்பாடு. விவரம் சொன்னதுமே ஆறு பேர் மறுத்தார்கள். மறைத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று போனேன். அரிசிம்பருப்பு சோறு அத்தையே ஆக்கியிருந்தார். "நெய் ஊத்திக்க கண்ணு" என்றார். வாசல் சாவி அவர் முந்தானையில் முடிந்திருந்தது.