ஜி.சி. (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) தெரிந்த வேதியியல்காரர் ஹைட்ரஜன் ஆராய்ச்சிக்கு மாறுவது எப்படி?

கேள்வி (கரிமம்_எம்எஸ்சி):
எம்.எஸ்சி. கரிம வேதியியல். மருந்துக் கம்பெனி தரக்கட்டுப்பாட்டில் 3 வருடம், எச்.பி.எல்.சி. (திரவக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி), ஜி.சி. தெரியும். மின்வேதியியல் பாடத்தில் படித்ததோடு சரி. பசுமை ஹைட்ரஜன் (புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பது) ஆராய்ச்சிக்கு மாற என்ன வழி?

மின்வாய்:
முறையான வழி சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) பி.எச்டி.க்கு முயலலாம். அதுவரை அங்கும் ஐ.ஐ.டி.களிலும் வரும் திட்டப்பணி அறிவிப்புகளை விடாமல் பாருங்கள். தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் 19,744 கோடியில் ஆராய்ச்சிக்கு 400 கோடிதான். போட்டி இருக்கும்.

வாயுப்பகுப்பு:
விண்ணப்பத்தின் முதல் வரியில் ஜி.சி. அனுபவத்தை எழுதுங்கள். வினையூக்கி தயாரிக்கப் பலர் வருவார்கள். வெளிவந்த ஹைட்ரஜனைச் சரியாக அளப்பவர்தான் ஆய்வகத்துக்குத் தேவை.

நீங்கள் பழகிய எஃப்.ஐ.டி. (சுடர் வழி உணர்கருவி) ஹைட்ரஜனைக் காட்டாது. டி.சி.டி. (வெப்பக்கடத்தலை வைத்து அறியும் உணர்கருவி) வேண்டும், மாதிரியைச் சுமந்து செல்லும் கேரியர் வாயு ஆர்கான். ஹீலியத்தின் வெப்பக்கடத்தல் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் இருப்பதால் பீக் சிறுத்துவிடும், தலைகீழாகவும் வரும்.

கணக்கு இது: 100 மில்லி ஆம்பியர் 1 மணி நேரம் ஓடினால் 360 கூலும். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 2 எலக்ட்ரான், ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலும் என்பதால் 2 × 96,485ஆல் வகுத்தால் 1.87 மில்லிமோல், அதாவது 25 டிகிரியில் சுமார் 46 மி.லி. ஜி.சி. குறைத்துக் காட்டினால் முதலில் குழாய் இணைப்புகளில் கசிவு பாருங்கள்; வினையூக்கியைப் பிறகு சந்தேகிக்கலாம்.

கரிமம்_எம்எஸ்சி:
நன்றி. பயிற்சிக்கு 1 மோலார் கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல், நிக்கல் மின்வாய், பிளாட்டினம் கவுண்டர் (சுற்றை முடிக்கும் துணை மின்வாய்) என்று தொடங்கலாமா?

காரக்கரைசல்:
பிளாட்டினம் வேண்டாம். அது கவுண்டரில் மெல்லக் கரைந்து நிக்கல் மேல் படியும். சுழற்சி ஏற ஏற நிக்கல் நன்றாகிக்கொண்டே போவதுபோல் தெரியும். உண்மையில் வேலை செய்வது பிளாட்டினம். கிராஃபைட் கம்பி போடுங்கள்.

கே.ஓ.எச். வில்லைகளில் ஏறக்குறைய 15 சதவீதம் தண்ணீர். லிட்டருக்கு 56 கிராம் போதாது, 66 கிராம் எடுத்து, அமிலத்தோடு டைட்ரேட் செய்து உறுதிப்படுத்துங்கள். கண்ணாடிக் கலத்தைக் காரம் அரித்து இரும்பைக் கரைசலில் இறக்கும். ஆக்சிஜன் பக்கம் அந்தச் சுவடே நிக்கலின் செயல்பாட்டை மாற்றிவிடும். டெஃப்லான் கலம் நல்லது.

ரெஃபரன்ஸ் (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் மின்வாய்) பாதரசம்–பாதரச ஆக்சைடு. ஆர்.எச்.இ. (மீள் ஹைட்ரஜன் மின்வாய்) அளவுக்கு மாற்ற சுமார் 0.92 வோல்ட் கூட்டுங்கள். கரைசல் மின்தடை 2 ஓம் என்றால் 100 மில்லி ஆம்பியரில் 200 மில்லிவோல்ட் அதிலேயே போய்விடும். அதைக் கழிக்காத ஓவர்பொட்டென்ஷியலை (வினை நடக்கக் கூடுதலாகத் தேவைப்படும் மின்னழுத்தம்) நேர்காணலில் சொல்லாதீர்கள். முதல் கேள்வியே அங்கேதான் வரும்.