பழைய அவுட்போர்டு மோட்டார்: சோக் விட்டால் நிற்கிறது, கியரும் நழுவுகிறது

பவானிக்கரை:
பவானிசாகர் பக்கம் மீன்பிடிக்கும் படகில் பின்னால் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்ங்க. சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) இழுத்து வைத்தால் ஓடுகிறது, உள்ளே தள்ளியதும் திணறி நின்றுவிடுகிறது. முன் கியரில் வேகம் கொடுத்தால் டக் டக்கென்று அடித்து நழுவுகிறது. எதை முதலில் பிரிப்பதுங்க?

ஈரோட்டுக்காரன்:
சோக் இருந்தால்தான் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்ங்க, சோக்கைக் குறை சொல்லாதீங்க. ஓடும்போது ஹோஸில் இருக்கும் கை பம்பை அமுக்குங்கள், சீரானால் ஹோஸ் காற்று இழுக்கிறது அல்லது பெட்ரோல் பம்ப் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு போயிருக்கிறது. இல்லையென்றால் கார்பரேட்டரில் ஸ்லோ ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைப்புதான். கிளீனர் அடித்து ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

கோபி மெக்கானிக்:
கியருக்கு உடனே கீழ்ப்பகுதியைப் பிரிக்க வேண்டாம் தம்பி. பிளக் வயரைக் கழற்றிவிட்டு, ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றிக்கொண்டே லிவரைப் போட்டுப் பார். கியர் முழுசாக விழவில்லை என்றால் கேபிள், ராடு அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லை. விழுந்தும் நழுவினால் உள்ளே கிளட்ச் டாக் (கியரைக் கவ்விப் பிடிக்கும் பல்) தேய்ந்திருக்கும், அது செலவுதான். கியர் ஆயிலையும் கொஞ்சம் வடித்துப் பார், பால் மாதிரி இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. அப்புறம், பயந்து பயந்து மெதுவாகக் கியர் போடாதே, வேகம் கொடுக்காமல் ஐடிலில் ஓடும்போது ஒரே தட்டாகப் போடணும்.

பவானிக்கரை:
கை பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் நன்றாக ஓடுகிறதுங்க! ஹோஸை மாற்றிவிட்டுக் கியரைப் பார்க்கிறேன்ங்கண்ணா.