மே மாதக் காட்டில் வான்கோழிச் சேவல்: சுடலாமா, விடலாமா?

செங்காட்டான்:
வசந்த கால வான்கோழி வேட்டையின் முதல் நாள் எப்படிப் போச்சு என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இடம் அமெரிக்காவில் பென்சில்வேனியா, ஸ்டேட் காலேஜுக்குத் தெற்கே ராத்ராக் மாநிலக் காடு. நாலரைக்கு வண்டியை நிறுத்தும்போது நல்ல குளிர், மூச்சு புகையாக வந்தது. முந்தின இரண்டு நாளும் மழை பெய்திருந்ததால் சருகெல்லாம் ஊறிப்போய், நடந்தால் சத்தமே இல்லை. போன வருஷம் இதே பாதையில் அப்பளம் நொறுக்குகிற மாதிரி நடந்தேன், பாதி மலையிலேயே சேவல் என்னைக் கேட்டுவிட்டது. மேட்டில் ஓக் மரங்கள் இன்னும் மொட்டாகத்தான் நிற்கின்றன, கீழே ஓடைப்பக்கம் மட்டும் பச்சை. இன்னும் பத்து நாளில் இலை அடைத்துவிட்டால் காபிள், அதாவது சேவல் கத்தும் சத்தம், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது.

இருட்டு விலகும்போது ஆந்தை ஒன்று கூவ, அதற்குப் பதில் சொல்வது போல மேட்டு மரத்திலிருந்து ஒரு காபிள். நான் தோளைவிட அகலமான ஓக் ஒன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து குச்சியால் தேய்த்துக் குரல் எழுப்பும் ஸ்லேட்டில் மெதுவாக இரண்டு யெல்ப், அதாவது பெட்டைக் குரல், தேய்த்தேன். அது இறங்கியது, ஆனால் கூட இருந்த பெட்டைகள் அதை வேறு திசைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டன. சரி என்று அசையாமல் இருந்தேன். ஏழே முக்காலுக்கு இன்னொன்று வாயே திறக்காமல் வந்தது. முதலில் காதில் விழவில்லை, நெஞ்சில்தான் தெரிந்தது, தூரத்தில் லாரி நிற்பது போல ஒரு அதிர்வு. அப்புறம் சரிவின் விளிம்பில் வெள்ளையும் நீலமும் சிவப்புமாய் ஒரு தலை மட்டும் எழுந்தது. 32 கெஜத்தில் சுட்டேன். எடை 19 பவுண்டு, மார்பில் தொங்கும் முடி போன்ற தாடி ஒன்பது அங்குலம், கால் முள் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, அப்படியென்றால் இரண்டு வயதுதான் இருக்கும். பனிப்பெட்டியில் கறியை வைத்து எடுத்த படம் கீழே.

நெல்லிமரம்:
நன்றாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. இனப்பெருக்க காலம் பார்த்து, பெட்டை மாதிரி குரல் கொடுத்து, துணை இருக்கிறது என்று நம்பி வந்த ஒரு பறவையை 32 கெஜத்தில் சுட்டுவிட்டு எடை, தாடி, முள் என்று கணக்கு எழுதுகிறீர்கள். இதே ஆள் நம் ஊரில் மயிலை இப்படிக் கூப்பிட்டுச் சுட்டிருந்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போயிருப்பார், நாமும் கைதட்டியிருப்போம். வான்கோழி என்றால் மயிலைப் பார்த்து ஆடிய பறவைதானே, அதனால் பரவாயில்லை என்று நினைப்பா?

இலையுதிர் காலத்தில் வேட்டை என்றால்கூட ஓரளவு புரிகிறது. முட்டையிடுகிற மாதத்தில் ஏன்?

செங்காட்டான்:
அக்கா, நீங்கள் கேட்பதை நேர்மாறாகத்தான் பார்க்க வேண்டும். இலையுதிர் கால வேட்டையில் இங்கே பெட்டையையும் சுடலாம். ஒரு பெட்டை போனால் அடுத்த வருஷத்து முட்டை பத்து பன்னிரண்டும் அதோடு போச்சு. வசந்தத்தில் தாடி உள்ளதை மட்டும்தான் தொடலாம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும், ஒருமுறை சேர்ந்தால் பெட்டையின் உடம்பில் விந்து பல வாரம் உயிரோடு இருக்கும். மே முதல் வாரத்தில் சீசன் திறக்கிறார்கள் என்றால் அதற்குள் பெரும்பாலான பெட்டைகள் சேர்ந்து முடித்து முட்டையிட ஆரம்பித்திருக்கும், அந்தக் கணக்கில்தான் தேதியே.

அப்புறம் அந்தப் பறவை இங்கே இருப்பதற்குக் காரணம் யார்? காடு வெட்டியும் சந்தைக்குச் சுட்டும் 1930களில் நாடு முழுக்க மிஞ்சியவை 2 லட்சம்கூட இருக்காது என்பார்கள். பண்ணையில் பொரித்துக் காட்டில் விட்டதெல்லாம் நரிக்குத்தான் போனது. பீரங்கி மாதிரி வெடித்துப் பறவைகள் மேல் பாயும் வலை போட்டுக் காட்டுப் பறவையையே உயிரோடு பிடித்து, லாரியில் ஏற்றி வேறு காட்டில் விட்ட பிறகுதான் பெருகியது. மாசசூசெட்ஸில் 1851க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், இன்றைக்கு பாஸ்டன் பக்கத்து புரூக்லைனில் அவை நடைபாதையில் போகிறவர்களை விரட்டுகின்றன. இதற்கெல்லாம் பணம் வேட்டை உரிமத்திலிருந்தும், 1937 பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வாங்குகிற 11 சதவீத வரியிலிருந்தும்தான் பெரும்பாலும் வந்தது. பறவை பார்க்கிறவர்கள் பைனாகுலருக்கு அப்படி ஒரு வரி கட்டுகிறார்களா?

தாழ்வாரம்:
நானும் வேட்டைக்காரன்தான், பதினோரு வருஷமாக ஜார்ஜியாவில் இருக்கிறேன். ஆனாலும் தம்பி சொல்வதை அப்படியே விழுங்க முடியவில்லை. "நாங்கள்தான் மீட்டோம்" என்பது 1990கள் வரைக்கும் நல்ல கதை. தெற்கே இப்போது நிலைமை அப்படியா இருக்கிறது? இங்கே குஞ்சு பிழைப்பது குறைந்துகொண்டே வந்து, 2022ல் ஒருவருக்கு மூன்று சேவல் என்பதை இரண்டாக்கினார்கள், திறப்பு நாளையும் தள்ளினார்கள். அலபாமாவில் அதே வருஷம் நாலாகக் குறைத்து, முதல் பத்து நாள் சேவலை ஏமாற்றி வரவைக்கும் டிகாய் பொம்மை வைக்கக் கூடாது என்றார்கள். அடுத்த வருஷம் டென்னசியும் இரண்டு வாரம் தள்ளியது. எல்லாம் நன்றாக இருந்தால் இதெல்லாம் எதற்கு?

பயம் என்னவென்றால், சீசன் தொடங்கியவுடன் விழுவது கூட்டத்துக்குத் தலையான சேவல், ஏனென்றால் அதுதான் அதிகம் கத்துகிறது. அது போனதும் அடுத்தது யார் என்று சண்டை, அந்த நாட்களில் பெட்டை சேராமல் போகலாம் என்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடிக்காதது, சேவல் வாலை விசிறி மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு வயல்வெளியில் தவழ்ந்து போய்ச் சுடுவது. கூப்பிட்டு வரவைப்பதில் பறவைக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. வால் பிடித்துத் தவழ்கிறவன் பறவைக்கு மட்டுமல்ல, எதிர்க்கரையில் உட்கார்ந்திருக்கிற எனக்கும் ஆபத்து, எனக்கு அங்கிருந்து தெரிவது ஒரு வால் மட்டும்தானே.

செங்காட்டான்:
அண்ணே, டென்னசியைச் சொன்னீர்களே, அதன் மறுபாதியையும் சொல்லுங்கள். சில மாவட்டங்களில் முன்னாலேயே இரண்டு வாரம் தள்ளிப் பார்த்து, பெட்டைகளுக்கு ரேடியோ கட்டி ஆராய்ந்தார்கள். கூடு வைப்பதிலோ குஞ்சு பிழைப்பதிலோ மாற்றம் தெரியவில்லை. அப்படியென்றால் கோளாறு துப்பாக்கியில் இல்லை, காட்டில். பெட்டைக்குக் கூடு வைக்க இடுப்பளவு புதர் வேண்டும், குஞ்சுக்குப் பூச்சி நிறைந்த புல்வெளி வேண்டும். நெருப்பு வைக்காமல், மரம் கழிக்காமல் விட்ட காட்டில் அடியில் ஒன்றும் முளைப்பதில்லை. ரக்கூன், ஸ்கங்க் போன்ற சின்ன விலங்குகள் முட்டையைத் தேடி முகர்ந்துகொண்டு திரிகின்றன, ரக்கூன் தோலுக்கு விலை இல்லாததால் அதைப் பிடிக்கவும் ஆள் இல்லை.

வால் பிடித்துத் தவழ்வது விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். பென்சில்வேனியாவில் வசந்தத்தில் கூப்பிட்டுத்தான் வேட்டை, பறவையின் பின்னால் பதுங்கிப் போவதே குற்றம்.

நெல்லிமரம்:
அண்ணனும் தம்பியும் தேதி, கணக்கு என்று பேசிக்கொள்ளுங்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன். போன மே மாதம் பதினெட்டாம் தேதி வாக்கில் நாயோடு ஒரு பழைய மரவண்டிப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். விழுந்து கிடந்த மரத்தடியில் சருகு வெடித்த மாதிரி ஒரு பெட்டை என் காலடியிலிருந்து எழுந்து பறந்தது. குனிந்து பார்த்தால் ஒரு சின்னப் பள்ளம், கூடு என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை, நாலைந்து சருகு, அதில் பதினொரு முட்டை. சந்தன நிறம், மேலே மஞ்சள்தூள் சிதறியது போலப் பழுப்புப் புள்ளி. தொடவில்லை, நாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இருபத்தெட்டு நாள் அந்தப் பறவை அங்கேயே தரையில் உட்கார வேண்டும், மழையிலும், நரிக்கு நடுவிலும். அந்த இருபத்தெட்டு நாளில்தான் ஆயிரக்கணக்கான பேர் விடியற்காலையில் அதே காட்டுக்குள் நுழைகிறீர்கள். இதில் என்ன பாதுகாப்பு?

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த 11 சதவீதத்தைக் கட்டுகிறவர்களில் காட்டுப் பக்கமே போகாமல் துப்பாக்கி வாங்கி அலமாரியில் வைக்கிறவர்களும் நிறையப் பேர். அதை மொத்தமாக உங்கள் புண்ணியக் கணக்கில் எழுதாதீர்கள்.

செங்காட்டான்:
கோபப்படாதீர்கள், ஆனால் அந்தப் பெட்டையைக் கூட்டிலிருந்து எழுப்பியது எந்த வேட்டைக்காரனும் இல்லை, நீங்களும் உங்கள் நாயும்தான். நான் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தால் நாலு மணி நேரம் விரல்கூட அசைப்பதில்லை. இங்கே முதல் இரண்டு வாரம் மதியம் பன்னிரண்டு மணிக்கே வேட்டையை முடித்துவிட வேண்டும், அடை உட்காரத் தொடங்கும் நேரத்தில் தொந்தரவு கூடாது என்றுதான் அந்த விதி. பிற்பாதியில் மட்டும் நாள் முழுக்க விடுகிறார்கள், ஏனென்றால் அடையில் ஊறிவிட்ட பெட்டை அவ்வளவு சுலபத்தில் கூட்டை விட்டுப் போவதில்லை. நாயோடு நடப்பவர்களுக்கு இப்படி எந்த நேரக் கட்டுப்பாடும் இல்லை.

நெல்லிமரம்:
இது எனக்கு உறைத்தது, மறைக்கவில்லை. இந்த வருஷம் மே முடியும்வரை நாயைத் தார்ச்சாலையில்தான் கூட்டிப் போகிறேன். ஆனால் நான் தெரியாமல் செய்தேன் என்பதால் நீங்கள் தெரிந்து செய்வது சரியாகிவிடாது. சேவலைப் பெட்டைக் குரலில் ஏமாற்றுவது பற்றி நான் முதலில் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

செங்காட்டான்:
பதில் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்காது. இயற்கையில் சேவல் கத்தினால் பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நாங்கள் அதைத் தலைகீழாக்குகிறோம், அதனால் பத்துக்கு ஒன்பது முறை அது வருவதில்லை. கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் பார்க்கிற கண், நிறமும் தெரியும். நல்லவேளை மோப்பம் இல்லை. ஏமாற்றுதானா என்றால், ஆமாம், ஏமாற்றுத்தான். நம் ஊரில் தூண்டிலில் புழு கோர்க்கும்போது யாரும் மீனிடம் அனுமதி கேட்பதில்லை.

புதுத்தோட்டா:
சண்டைக்கு நடுவில் மன்னிக்கவும். எச்1பி விசாவில் இருக்கிறேன், துப்பாக்கியைத் தொட்டாலே குற்றம் என்கிறான் நண்பன், உண்மையா? அப்புறம் உண்ணி பயம் வேறு.

தாழ்வாரம்:
நண்பர் சொல்வது பாதி சரி. குடியேற்றம் இல்லாத விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டத்தில் தடை உண்டு. ஆனால் மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அது விலக்கு. உரிமம் வாங்க முதலில் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். நான் வக்கீல் இல்லை, வாங்கும் முன் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

உண்ணியை விளையாட்டாக எடுக்காதீர்கள். வடக்கே மான் உண்ணி கடித்தால் லைம் நோய். உடுப்புக்கும் பூட்சுக்கும் முந்தின நாளே பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்தை அடித்துக் காயவைத்துவிடுங்கள், தோலில் பூசக் கூடாது. பேன்ட் அடியை காலுறைக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் அக்குள், முட்டிக்குப் பின்னால் தேடுங்கள். எங்கள் பக்கம் லோன் ஸ்டார் என்று முதுகில் வெள்ளைப் புள்ளி வைத்த உண்ணி. அது கடித்து ஒரு நண்பருக்கு ஆல்பா கேல் என்கிற இறைச்சி ஒவ்வாமை வந்து, மட்டன் பிரியாணி சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து நடு ராத்திரியில் உடம்பெல்லாம் தடித்து எமர்ஜென்சிக்கு ஓடினார். இப்போது ஆடு, மாடு, பன்றி எதுவும் கிடையாது, கோழியும் வான்கோழியும் மட்டும் ஒத்துக்கொள்கிறது. இதைவிட வேட்டைக்கு என்ன காரணம் வேண்டும் என்று சிரிப்பார்.

இன்னொன்று. சிவப்பு, வெள்ளை, நீலம் எந்தத் துணியும் வேண்டாம், கைக்குட்டைகூட. சேவல் தலைக்கும் அதே நிறம். யாராவது உங்கள் பக்கம் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், யெல்ப்பும் அடிக்காதீர்கள், மனிதக் குரலில் சத்தமாகப் பேசுங்கள்.

நெல்லிமரம்:
செங்காட்டான், உங்கள் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். மார்புக்கறி இரண்டு துண்டு. 19 பவுண்டு பறவையில் மீதி எங்கே? கால்?

செங்காட்டான்:
மாட்டிக்கொண்டேன். போன வருஷம் கால்களைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன், ஓடி ஓடி ரப்பராகிக் கிடக்கும், சாப்பிட முடியாது என்று எல்லோரும் சொன்னதால். இந்த முறை கொண்டுவந்திருக்கிறேன், ஃப்ரிட்ஜில் அப்படியே இருக்கிறது. நேற்று மிளகு போட்டுக் குக்கரில் ஒரு துண்டு வைத்துப் பார்த்தேன், ஏழு விசில், பல்லில் சிக்கிக்கொண்டது.

தாழ்வாரம்:
பன்னிரண்டு விசில் வைக்கணும் தம்பி.

நெல்லிமரம்:
பன்னிரண்டு வைத்தாலும் நரம்பு நரம்பாகத்தான் இருக்கும். கீழ்க்காலில் வெள்ளையாகக் குச்சி மாதிரி நிற்கும் பாருங்கள், அதை வேகவைப்பதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் கத்தியால் சுற்றி அறுத்து, இடுக்கியால் பிடித்து இழுத்து எடுங்கள். அப்புறம் குக்கரை மூடி சின்னத் தீயில் ஒரு மணி நேரம், கறி தானாகக் கழன்று வரும். என் அம்மா வயசான சேவலுக்கு அப்படித்தான் செய்வார். இதைச் சொல்லிக்கொடுத்ததால் நான் உங்கள் பக்கம் வந்துவிட்டேன் என்று கீழே யாரும் எழுத வேண்டாம்.