கடித்துத் தின்ன முடியாத அணிலுக்கு என்ன கொடுக்கலாம்?

வணக்கம். கும்பகோணம் பக்கம் இருக்கிறோம். தென்னையிலிருந்து விழுந்து, காக்கை கொத்திய ஒரு அணில்பிள்ளை எங்களோடு வளர்கிறது. தாடை கோணிவிட்டது, ஒரு கண்ணும் போய்விட்டது. வெளியே விட்டால் பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் மரத்தில் விட்டுவிடுங்கள் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

சாப்பாடுதான் பிரச்சினை. அணிலுக்கு முன்பற்கள் ஆயுசுக்கும் வளரும், மேலும் கீழும் உரசித்தான் தேயும். இதற்கு இரண்டும் சேராததால் மருத்துவர் அவ்வப்போது வெட்டிவிடுகிறார். கொய்யா, வெள்ளரி, வேகவைத்த சர்க்கரைவள்ளி எதுவானாலும் கையில் பிடித்து நக்கும், கொஞ்சம் சுரண்டும், அப்புறம் கீழே போட்டுவிடும். ஆட்டுப்பாலில் காய்ச்சிய ராகிக்கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுத்தால் மட்டும் ஆசையாகக் குடிக்கிறது. அவசரத்தில் உறிஞ்சி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வந்துவிடுமே என்று ஒவ்வொரு வேளையும் பயம்தான்.

நிலக்கடலையை அரைத்துக் கொடு என்கிறார் அத்தை. (அத்தைக்கு எல்லா நோய்க்கும் நிலக்கடலைதான்.) அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு, அதையே கொடுத்துவந்தால் எலும்பு பலவீனமாகிவிடும் என்பதால் தயங்குகிறேன்.

இப்படிப்பட்ட அணிலை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: கூழை எவ்வளவு கெட்டியாக்கலாம்? தட்டில் வைத்துத் தானே நக்கப் பழக்க முடியுமா? முருங்கைக்கீரையை அரைத்துச் சேர்த்தால் போதுமா, கால்சியம் மருந்து தனியாக வேண்டுமா? மருந்தென்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். தஞ்சாவூர், திருச்சி பக்கம் அணில், முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் இருந்தாலும் தெரிவியுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன்.