ஃபீனிக்ஸுக்குப் பிறகு நாஸ்கார் பார்க்க மனம் வரவில்லை, புதிய சேஸ் முறை நியாயமாக இருக்குமா?

ஈசூன்_வாசி:

வணக்கம். எஃப்1 பற்றிப் பேச இங்கே சிங்கப்பூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை, மரீனா பே இரவுப் பந்தயம் நெருங்கிவிட்டால் கோப்பிக்கடையிலேயே அந்தப் பேச்சுதான். அமெரிக்கக் கார் பந்தயமான நாஸ்கார் பார்க்கிறவர்கள் குறைவு, அதனால் இங்கே கேட்டுப் பார்க்கிறேன்.

நான் ரொம்ப வருடமாக அதில் ஓட்டும் டென்னி ஹாம்லினின் ரசிகன். 2025 நவம்பரில் ஃபீனிக்ஸில் நடந்த கடைசிப் பந்தயம் நமக்குத் திங்கள் விடியற்காலை 4 மணி வாக்கில் தொடங்கியது, முடியும்போது நான் வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். முதலிடத்திலிருந்து புறப்பட்டவர், 312 சுற்றுப் பந்தயத்தில் 208 சுற்று முன்னால் ஓடியவர், இன்னும் மூன்று சுற்று முடித்தால் 44 வயதில் முதல் சாம்பியன் பட்டம். அந்த நேரம் பார்த்து வில்லியம் பைரனின் டயர் போய், கார் சுவரில் மோதி, எல்லோரும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று மஞ்சள் கொடி காட்டிவிட்டார்கள். எல்லோரும் டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் வந்தார்கள். ஹாம்லினுக்கு நான்கு டயர் மாற்றினார்கள், கைல் லார்சன் இரண்டே டயர் மாற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார். ஓவர்டைம் என்று கடைசியாக இரண்டு சுற்று, அவ்வளவுதான். லார்சன் மூன்றாவது, ஹாம்லின் ஆறாவது, பட்டத்துக்கு நின்ற நால்வரில் முன்னால் முடித்ததால் பட்டம் லார்சனுக்கு. பந்தயத்தை வென்ற ரயன் பிளேனி பட்டப் போட்டியிலேயே இல்லை. லார்சன் அன்று ஒரு சுற்றுகூட முதலிடத்தில் ஓடவில்லை.

லார்சன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அருமையான ஓட்டுநர். ஆனால் அந்த வருடம் ஆறு பந்தயம் வென்றவரின் உழைப்பையெல்லாம் கடைசி இரண்டு சுற்று தீர்மானித்ததை இன்னும் ஏற்க முடியவில்லை. இப்போது கடைசிப் பத்துப் பந்தயப் புள்ளியைக் கூட்டிப் பட்டம் கொடுக்கும் பழைய சேஸ் முறையைத் திரும்பக் கொண்டுவருவதாக 2026 ஜனவரியில் அறிவித்திருக்கிறார்கள். இது உண்மையான மாற்றமா, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வருடத்தைத் தொடங்கும் டேட்டோனா பந்தயத்திலிருந்து மறுபடியும் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தோபாயோ_பெரியவர்:

தம்பி, எனக்கு லார்சன் பிடிக்கும், இருந்தும் அன்று கொண்டாட மனம் வரவில்லை, அதனால் உங்கள் வருத்தம் புரிகிறது.

பெயர் மாற்றம் மட்டும் இல்லை, அடிப்படையே மாறுகிறது. 2014 முதல் 2025 வரை, 16 பேர் பிளேஆஃப் என்ற கடைசிக் கட்டத்துக்குள் போவார்கள், மூன்று பந்தயத்துக்கு ஒருமுறை நான்கு பேரை வெளியேற்றுவார்கள், மிஞ்சும் நால்வருக்கு ஒரே ஒரு பந்தயம். ஒரு வெற்றி இருந்தால் போதும், பிளேஆஃபில் இடம் ஏறக்குறைய உறுதி. இனி இது எதுவும் கிடையாது. முதல் 26 பந்தயத்தின் புள்ளிப்படி மேலே இருக்கும் 16 பேர் சேஸுக்குள் வருவார்கள், அவர்கள் புள்ளியை மட்டும் புதிதாக அமைப்பார்கள், அதன்பின் 10 பந்தயம், வெளியேற்றமே இல்லை. பத்திலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுத்தவர்தான் சாம்பியன். வெற்றிக்கு 40 புள்ளி கொடுத்துவந்தார்கள், இனி 55. இரண்டாமிடத்துக்கு 35தான். ஆகவே பாதுகாப்பாக ஐந்தாவது ஆறாவது இடத்தில் ஓட்டிக்கொண்டே பட்டம் வாங்கிவிடலாம் என்று யாரும் கணக்குப் போட முடியாது.

வெற்றிக்கு ஏன் இவ்வளவு கூட்டினார்கள் என்றால் அதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 2003ல் மேட் கென்செத் ஒரே ஒரு வெற்றியோடு சாம்பியன் ஆனார், அதே வருடம் எட்டு பந்தயம் வென்ற ரயன் நியூமனுக்குப் பட்டம் இல்லை. அந்தச் சலசலப்புக்குப் பிறகுதான் 2004ல் சேஸ் வந்தது. பிறகு 2014ல் இந்த வெளியேற்ற முறை, அதன் முதல் வருடமே அதே நியூமன் ஒரு பந்தயம்கூட வெல்லாமல் கடைசி நால்வரில் வந்து இரண்டாமிடம் பிடித்தார்! வெற்றிக்கு மதிப்பு கூட்டத்தான் எல்லாவற்றையும் மாற்றினார்கள், வந்து நின்ற இடம் இது. 2024ல் ஜோயி லோகானோவை எடுத்துக்கொள்ளுங்கள், சார்லட் ரோவல் பந்தயத்தோடு பிளேஆஃபிலிருந்து வெளியே போயிருக்க வேண்டியவர், அலெக்ஸ் போமனின் கார் எடைச் சோதனையில் தேறாததால் உள்ளே வந்தார், அடுத்த வாரமே லாஸ் வேகஸை வென்று இறுதிக்குப் போய் மூன்றாவது பட்டத்தையும் வாங்கிவிட்டார். விதிப்படி அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை, விதிதான் கோளாறு. ஒரு வருடம் அப்படி, அடுத்த வருடம் ஃபீனிக்ஸ் இப்படி, ரசிகர்கள் பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால் முன்னாள் ஓட்டுநர் மார்க் மார்ட்டின் வெளிப்படையாகக் கேட்டுவந்த மாதிரி 36 பந்தயத்துக்கும் ஒரே புள்ளிக் கணக்குதான் முழு நியாயம். அது கிடைக்கவில்லை, ஆனாலும் ஒரு பந்தயத்துக்குப் பதில் பத்துப் பந்தயம் என்பது பெரிய மாற்றம். நிச்சயம் பாருங்கள்.

பொங்கோல்_சிம்ரேசர்:

எனக்கு இதில் கருத்து வேறு, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் நாஸ்காருக்குள் வந்ததே அந்த வெளியேற்ற முறையால்தான். 2022 மார்ட்டின்ஸ்வில், கடைசிச் சுற்று, ராஸ் சாஸ்டெய்ன் காரைச் சுவரில் சாய்த்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் கடைசி வளைவு முழுவதும் உரசியபடியே வந்து ஐந்து காரைத் தாண்டினார். இறுதிக்குப் போக அவருக்கு அந்த இடங்கள் தேவைப்பட்டன, தேவை இருந்ததால்தான் அப்படி ஒரு காரியம் மனிதனுக்குத் தோன்றியது. பந்தயமே பார்க்காத என் அலுவலக நண்பர்கள் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அந்த இரவு வீட்டில் ஐரேசிங் என்ற கணினிப் பந்தய விளையாட்டில் நானும் அதே திடலை எடுத்து ஓட்டினேன், அரை மைல் வட்டம்தான், அதில் அந்த வேகத்தில் சுவரை நோக்கிப் போவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. (பைரன் ஓட்டக் கற்றதே ஐரேசிங்கில்தான், அதனால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம்.)

பத்துப் பந்தயப் புள்ளிக் கணக்கில் ஒருவர் ஒன்பதாவது பந்தயத்திலேயே முடித்துவிட்டால்? கடைசிப் பந்தயத்தை யார் எழுந்து பார்ப்பார்கள்? நமக்கோ எல்லாமே விடியற்காலைதான். பதற்றம் இல்லாத பந்தயத்துக்காகத் தூக்கத்தை விட முடியாது. விளையாட்டில் கடைசி நிமிடத்தில் தோற்பதும் உண்டு, உலகக் கோப்பை இறுதியில் தோற்ற அணி யாரும் முந்தைய ஆட்டங்களைக் காட்டிக் கோப்பை கேட்பதில்லை.

ஈசூன்_வாசி:

சிம்ரேசர், அன்று சாஸ்டெய்ன் கடைசியாகத் தாண்டிய கார் யாருடையது என்று பார்த்தீர்களா? ஹாம்லின்தான். அதனால் இறுதி நால்வரில் இடம் போனதும் அவருக்குத்தான். அதை நானும் எழுந்து நின்று பார்த்தேன், மறுக்கவில்லை. ஆனால் உலகக் கோப்பை இறுதியில் மைதானத்தில் இரண்டு அணி மட்டும் இருக்கும். இங்கே பட்டத்துக்கு நான்கு பேர், அவர்களைச் சுற்றி முப்பதுக்கு மேல் மற்ற கார்கள், அவற்றில் எது மோதினாலும் எல்லாம் கலைந்துவிடும். இரண்டையும் ஒன்றாக வைக்க முடியவில்லை.

தோபாயோ_பெரியவர்:

பதற்றத்துக்கு வெளியேற்றம் கட்டாயம் இல்லை. 2004ல் முதல் சேஸிலேயே கர்ட் புஷ் எட்டே புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 2011ல் டோனி ஸ்டூவர்ட்டும் கார்ல் எட்வர்ட்ஸும் புள்ளியில் சமம், ஸ்டூவர்ட் ஐந்து வெற்றி, எட்வர்ட்ஸ் ஒன்று, அதனால் ஸ்டூவர்ட்டுக்குப் பட்டம். கடைசிப் பந்தயத்தில் ஸ்டூவர்ட் முதலாவது, எட்வர்ட்ஸ் இரண்டாவது. நான் பார்த்த இறுதிகளில் அதற்கு இணை எதுவும் இல்லை. ஜிம்மி ஜான்சன் 2006 முதல் 2010 வரை ஐந்து பட்டம் தொடர்ந்து வாங்கியதும் இதே சேஸில்தான், சில வருடம் முன்கூட்டியே முடிவு தெரிந்தது, உண்மை. ஆனால் ஒருவர் அவ்வளவு நன்றாக ஓட்டினால் முன்கூட்டியே தெரியட்டுமே.

ஜூரோங்_ஒர்க்‌ஷாப்:

எல்லோரும் புள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள், காரைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முதல் கவலை.

2022ல் வந்த நெக்ஸ்ட் ஜென் கார் வேலைப்பாட்டில் நல்ல கார். ஐந்து நட்டுக்குப் பதில் நடுவில் ஒரே பெரிய நட்டு, 18 அங்குல வீல், பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், சீக்வென்ஷியல் கியர்பாக்ஸ். ஆனால் எல்லா அணிக்கும் ஒரே பாகம், எல்லாக் காரும் ஏறக்குறைய ஒரே வேகம், டயர் அகலம், பிரேக் பெரிது. பிரேக் பெரிதானால் எல்லோரும் வளைவுக்குள் தாமதமாகவே பிரேக் போடலாம், அப்புறம் பின்னால் வருபவர் எங்கே முந்துவார்? மார்ட்டின்ஸ்வில் போன்ற சின்னத் திடலில் முன்னால் இருப்பவர் சுத்தமான காற்றில் ஓடிக்கொண்டே இருப்பார், பின்னால் வருபவர் கலங்கிய காற்றில் முன்சக்கரப் பிடி இல்லாமல் தவிப்பார். ஃபீனிக்ஸில் ஒரு பிட் நிறுத்தம் பட்டத்தையே தூக்கிக் கொடுத்ததற்கு இதுவும் காரணம். முந்துவது சுலபமாக இருந்தால் நான்கு புது டயரோடு வந்தவருக்கு இரண்டு சுற்றில் இன்னும் கொஞ்சம் வழி கிடைத்திருக்கும்.

டேட்டோனா, டல்லடேகா பக்கம் வேறு தொல்லை. பிட்டில் பெட்ரோல் நிரப்பும் நேரத்தைக் குறைப்பதற்காக முன்வரிசை ஓட்டுநர்களே பாதி ஆக்சிலேட்டரில் ஓட்டுகிறார்கள். 2.5 மைல் திடலில் நாற்பது கார் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்க்க ஆவேசமாகத்தான் இருக்கும், ஆனால் அவர்கள் எண்ணெய் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபின் பழைய மாதிரி ரசிக்க முடியவில்லை. அமெரிக்க ரசிகர்கள் இதைப் பற்றித்தான் வாரா வாரம் புலம்புகிறார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், 2026ல் ஒன்றரை மைலுக்குக் குறைவான திடல்களிலும் வளைவுச் சாலைத் திடல்களிலும் இன்ஜின் சக்தியை 670லிருந்து 750 குதிரைச்சக்தியாக ஏற்றியிருக்கிறார்கள். ஓட்டுநர்கள் வருடக்கணக்காகக் கேட்டது. சக்தி கூடினால் வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்சக்கரம் சுழலும், டயர் சீக்கிரம் தேயும், ஆக்சிலேட்டரைப் பக்குவமாக மிதிக்கத் தெரிந்தவர் மேலே வருவார். 750 போதுமா என்றால் போதாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் திசை சரி.

இன்னொன்று, 2025 டிசம்பரில் 23எக்ஸ்ஐ, ஃப்ரண்ட் ரோ இரண்டு அணிகளும் நாஸ்கார் மேல் போட்ட வழக்கு நீதிமன்றத்தில் ஒன்பதாம் நாள் சமரசத்தில் முடிந்தது, ஒவ்வொரு பந்தயத்திலும் இடத்தை உறுதி செய்யும் அணிகளின் சார்ட்டர் உரிமை இனி நிரந்தரம். 23எக்ஸ்ஐ மைக்கேல் ஜோர்டனும் நம் ஹாம்லினும் சேர்ந்து வைத்திருக்கும் அணி என்பது ஈசூன் தம்பிக்குத் தெரிந்திருக்கும். பட்டம் போன ஆறு வாரத்துக்குள் அந்த மனிதர் அங்கே ஜெயித்துவிட்டார், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஈசூன்_வாசி:

அண்ணே, பிரேக் விஷயம் எனக்குப் புதிது, ரொம்ப நன்றி. நான்கு டயர் முடிவைப் பற்றி அந்த அணியை இத்தனை நாளாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், வேறு காரிலோ வேறு திடலிலோ அது சரியான முடிவாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, பார்க்கிறேன். எல்லா வாரமும் விடியற்காலை எழுந்திருக்க முடியாது, எதை விடக்கூடாது என்று மட்டும் சொல்லுங்கள்.

பொங்கோல்_சிம்ரேசர்:

டேட்டோனா 500 நமக்கு பிப்ரவரி 16 திங்கள் அதிகாலை 3:30 வாக்கில், மறுநாள் சீனப் புத்தாண்டு, என் அலுவலகத்தில் அந்தத் திங்கள் அரை நாள்தான். பிரிஸ்டலையும் மார்ட்டின்ஸ்வில்லையும் விடாதீர்கள், 750 குதிரைச்சக்தி வேலை செய்கிறதா என்று அங்கேதான் தெரியும். ஜூனில் சான் டியேகோ கடற்படைத் தளத்துக்குள் ஒரு பந்தயம் வைக்கிறார்கள், ஷேன் வான் கிஸ்பெர்கனுக்காகவே அதைப் பார்க்க வேண்டும், 2023ல் சிகாகோ தெருவில் நாஸ்காரின் முதன்மைப் பிரிவான கப் தொடரில் தன் முதல் பந்தயத்திலேயே வென்ற நியூசிலாந்துக்காரர்.

இறுதிப் பந்தயம் இந்த முறை ஃபீனிக்ஸில் இல்லை, ஹோம்ஸ்டெட்டில், நவம்பர் 8. அன்று இங்கே தீபாவளி, ஞாயிற்றுக்கிழமை வருவதால் திங்கள் விடுமுறை, பந்தயம் நமக்கு அந்தத் திங்கள் விடியற்காலைதான். இந்த முறை யாரும் ரயிலில் நின்று பார்க்க வேண்டியதில்லை.