அந்த மூன்று விதிவிலக்குகள்

முதல் முறை உளவியல் ஆலோசனைக்குப் போனபோது, நான் கேட்காமலேயே ஆலோசகர் உறுதி கொடுத்தார்: “இங்கே பேசுவது எதுவும் இந்த அறையைத் தாண்டாது.” நம்பி எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு வாரம் கழித்து என் அண்ணன், நான் ஆலோசகரிடம் மட்டும் சொல்லியிருந்த ஒரு விஷயத்தை என்னிடமே கேட்டார். ஆலோசகரைக் கேட்டேன். “அக்கறையில்தான் சொன்னேன்” என்றார். அதன்பிறகு ஒன்றரை ஆண்டுகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்து நான் தேடிப் போன உளவியலாளர் நேர்மாறாகத் தொடங்கினார். ஒரு தாளை என் பக்கம் நகர்த்தி, “படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், பிறகு பேசலாம்” என்றார். ரகசியம் காப்பேன், ஆனால் சில நிலைகளில் முடியாது என்று அதில் இருந்தது: என் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தை துன்புறுத்தப்படுவது தெரியவந்தால், நீதிமன்றம் ஆணையிட்டால். அந்த மூன்று வரிகளையும் விரலால் தொட்டுக் காட்டி, புரிந்ததா என்று தனித்தனியாகக் கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது, எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. முதல் ஆளிடம் அது தெரியவே இல்லை.

*

நீங்கள் சொன்ன அந்தத் தாளை நீட்டும் இடத்தில் இருக்கும் உளவியலாளர் நான். அண்ணனிடம் சொன்னவர் செய்தது பிழை. அக்கறை என்ற பெயர் அதை மாற்றாது.

ஆனால் ரகசியத்தை உடைக்க வேண்டிய நேரமும் உண்டு; எங்கள் படிப்பில் அதற்கு ஒரு வழக்கைச் சொல்லித் தருவார்கள். ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக ஒரு மாணவர் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலருக்குத் தெரிவித்தார். காவலர் விசாரித்துவிட்டு மாணவரை விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணை யாரும் எச்சரிக்கவில்லை. 1969 அக்டோபரில் அந்தப் பெண் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையளிப்பவருக்கு உண்டு என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. எல்லா நாட்டிலும் சட்டம் இப்படியே இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைச் சந்திக்காத உளவியலாளர் இருக்க முடியாது.

எனக்கு அது பதினாறு வயதுப் பெண் வடிவில் வந்தது. சட்டைக் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டே பேசினாள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதையும், இம்முறை அதற்கு மேலும் போக நினைப்பதையும் சொன்னாள். முதல் நாளே தாயையும் மகளையும் சேர்த்து உட்காரவைத்து, எதை அம்மாவிடம் சொல்வேன், எதைச் சொல்லமாட்டேன் என்று பேசி முடிவு செய்திருந்தோம். அதனால் அன்று அவளிடமே முதலில் சொன்னேன்: “இதை நான் மறைக்க முடியாது. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?” வெகுநேரம் அழுதாள். பிறகு அவளே என் கைப்பேசியை வாங்கி அம்மாவை அழைத்தாள். அவள் காதலைப் பற்றிச் சொன்னவை மட்டும் அம்மாவிடம் போகவில்லை; அதற்கு ஆபத்தோடு தொடர்பில்லை. அன்று மாலை என் மேற்பார்வையாளரிடம் முழுவதையும் விவாதித்து, எடுத்த முடிவையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதினேன்.

*

நானும் சிகிச்சைக்குப் போனவள்தான்; என் அனுபவம் சிறியது. விவாகரத்து வழக்கில், குழந்தை என்னிடமே இருக்கவேண்டும், கணவர் மனநிலை சரியில்லாதவர் என்று என் சிகிச்சையாளர் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். “நான் சந்தித்தே இராதவரைப் பற்றி எப்படிக் கருத்துச் சொல்வேன்? உங்களுக்குச் சிகிச்சை தருபவள் நான், மதிப்பீடு செய்ய வேறொருவர் வேண்டும்” என்று மறுத்துவிட்டார். கோபத்தில் இரண்டு அமர்வுகளுக்குப் போகவில்லை. பின்னர் என் வழக்கறிஞர் சிகிச்சைக் குறிப்புகள் அனைத்தையும் கேட்டபோது, சிகிச்சையாளர் என்னை அழைத்து, “முழுக் குறிப்புகள் வேண்டுமா, சுருக்கம் போதுமா? நீங்கள் எழுத்தில் ஒப்புதல் தந்தால்தான் ஒரு வரியும் போகும்” என்றார். சுருக்கம் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.